மெதுவாக ஓடிய பந்தயம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவருக்கு ‘மின்னல்’ என்று பட்டப்பெயர் இருந்தால் யார் நம்பிப் பிள்ளையை அனுப்புவார்கள்? ஆனாலும் அவருக்கு அதுதான் பெயர். ஒரு காலத்தில் தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாகக் குச்சியை வாங்கிக்கொண்டு பறந்தவர். இறுதிப் போட்டியில் எல்லோருக்கும் முன்னால் வந்து, கோட்டுக்கு நாலடி இருக்கும்போது முழங்கால் பிசகிக் குப்புற விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். ஓட்டம் அத்தோடு சரி. நடையும் விந்தல்தான்.

இப்போது அவர் மச்சான், மனைவியின் தம்பி, முதல் படம் எடுக்கிறான். விளையாட்டுப் படங்களையெல்லாம் கிண்டலடிக்கும் படம். மழையில் அழுதுகொண்டே பயிற்சி, ஒரே பாட்டில் திருந்தும் கோச், காரணமே இல்லாமல் பறக்கும் புறா, எல்லாம் உண்டு. கடைசி ஓட்டக்காரராக நடிக்க அக்கா புருஷனையே கேட்டான்.

“எல்லாமே கிண்டல்தான் மாமா. ஆனா கடைசில நீங்க விழறது மட்டும் நெஜம். அங்க ஜனங்க அழணும்.”

“அவர் விழுந்ததைக் காட்டித்தான் நீ பேர் வாங்கணுமா?” என்று அக்கா கரண்டியை ணங்கென்று வைத்தாள். அன்றைக்கு மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். அந்த நாளைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் இன்றுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

மின்னல் சரி என்று சொல்லிவிட்டார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பாழாய்ப்போன கோட்டை ஒரே ஒரு தடவை தாண்டிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. காலி மைதானத்தில் தனியாகப் போய்த் தாண்டுவதில் என்ன இருக்கிறது? பக்கத்தில் ஆட்கள் ஓட வேண்டும். கதைப்படி விழுந்துவிட்டு, ‘கட்’ சொன்னதும் யாரும் கவனிக்காத நேரத்தில் எட்டிக் காலை வைத்துவிடலாம் என்று மனசுக்குள் திட்டம் போட்டிருந்தார்.

படப்பிடிப்பில்தான் வினை வந்தது. ஸ்லோமோஷன் எடுக்கிற கேமராவுக்கு வழியில்லை. “நீங்களே மெதுவா ஓடிடுங்க” என்றான் மச்சான். நடிகர்கள் அசத்தினார்கள். ஒரு காலை அந்தரத்தில் நிறுத்தி, வாயை ஆவென்று பிளந்து, கன்னத்தைக்கூட மெதுவாக ஆட்டினார்கள். மின்னலால் முடியவில்லை. மெதுவாக ஓட ஒற்றைக் காலில் நிற்க வேண்டுமே! முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது, சாய்ந்தார். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் சாய்ந்தார்.

“ஸ்டண்ட் ஆளுக்கு விக் வெச்சு எடுத்துடலாமா சார்?” என்றார் உதவி இயக்குநர்.

மின்னல் குச்சியை இறுகப் பிடித்துக்கொண்டார். இன்னொருத்தன் இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் விழுவதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தார்?

“வேண்டாம்ப்பா. மெதுவா ஓட எனக்கு வராது. சாதாரணமா நடந்து வரேன். விழற எடத்துல கரெக்டா விழுந்துடறேன்.”

மச்சான் தலையைச் சொறிந்தான். “சரி மாமா, ஒரே ஒரு தடவை.”

ஆக்‌ஷன். மற்றவர்கள் மிதந்தார்கள். இவர் குச்சியைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குப் போகிறவர் மாதிரி விந்தி விந்தி நடந்தார். வளைவில் ஒருவனைத் தாண்டினார். அப்புறம் இன்னொருவனை. விழ வேண்டிய இடத்துக்கு வந்து திரும்பிப் பார்த்தால், அத்தனை வீரர்களும் பின்னால் வாயைப் பிளந்தபடி அந்தரத்தில் நின்றார்கள். அவர்கள் வந்து சேர இன்னும் ஒரு யுகம் ஆகும்.

அவர் விழவில்லை. வெள்ளைக் கோடு வரைக்கும் நடந்தார். அங்கே நின்று வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். கோடு வந்தால் நின்று பார்க்கச் சொல்லித் தினமும் மாணவர்களிடம் தொண்டை வற்றக் கத்துகிற மனுஷன், பழக்கம் விடுமா? பிறகு அந்தப் பாழும் காலையே முதலில் எடுத்து வைத்தார். கோட்டுக்கு மேல் கட்டியிருந்த ரிப்பன் நெஞ்சில் பட்டது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

மச்சான் ‘கட்’ சொல்ல மறந்துபோனான். சொல்லாத வரைக்கும் மற்றவர்கள் பாவம், மிதந்துகொண்டே இருந்தார்கள். ஒருவன் பொத்தென்று விழுந்தான்.

தியேட்டரில் மின்னல் சீட்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மிதக்கிறவர்களைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். திரையில் அவர் வலமும் இடமும் பார்த்தபோது கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தார்கள். ரிப்பன் நெஞ்சில் பட்டதும் சத்தம் அடங்கிவிட்டது. முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்.

மனைவி அவர் கையைப் பிடித்தாள். பிடித்த கை ஈரமாக இருந்தது.

“அன்னிக்கும் எழுந்து இப்படி நடந்தே வந்திருக்கலாம்ல?” என்றாள் மெல்ல.

“அன்னிக்கு அவங்கல்லாம் நெஜமாவே ஓடினாங்களேடி.”

அவள் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் சிரித்த சிரிப்பில், மூக்கைச் சிந்தியவர் திரும்பி முறைத்தார்.