மூன்று மில்லிமீட்டர் கீழே

கணக்கு வாத்தியார் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தபோது அவள் ஒரு பிரேமின் காலைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருடமாகியும் அந்த நடையை அவள் மறக்கவில்லை. விரலைச் சுட்டுக்கொண்டாள்.

"தூரமும் தெரியணும், படிக்கவும் தெரியணும். ஒரே கண்ணாடியில முடியுமாம்மா?" என்று கேட்டார் அவர்.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பதிமூன்று வயதில் அவள் அவருடைய வேக வகுப்பில் இருந்தவள். மூன்று வருடக் கணக்குப் பாடத்தை இரண்டே வருடத்தில் முடிக்கிற வகுப்பு அது. சேர்ந்த மூன்றாவது வாரம், பலகையில் போட்ட கணக்கை வேறு வழியில் இன்னொரு தடவை போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உன் நாற்காலியைத் தூக்கிக்கோ. எதிர் வகுப்புக்குப் போ. அங்கே எல்லாரும் மெதுவாத்தான் நடப்பாங்க" என்றார். நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அத்தனை பேர் சிரிப்புக்கு நடுவே வெளியே போனாள். வாசல் நிலையில் அதன் கால் இடித்துக்கொண்டபோது சிரிப்பு இரண்டு மடங்கானது. பள்ளியை விட்டுப் போகும்வரை அவள் பெயர் 'நாற்காலி'.

இப்போது அவள் மகள் அதே பள்ளியில், அதே வாத்தியாரிடம் படிக்கிறாள். வீட்டில் அவளை வாண்டு என்பார்கள். பரீட்சையில் முதலாவதாக வந்ததால், அடுத்த வருடம் வேக வகுப்பில் சேரச் சம்மதமா என்று கேட்டுப் படிவம் வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும்.

"எனக்கு வேணாம்மா. நான் ஒரு கணக்கை ரெண்டு மூணு வழியில போட்டுப் பார்ப்பேன். அதுதான் ஜாலி. அங்கே ஒரு வழியில போட்டுட்டு ஓடணும்."

"ஓடேன். கால் இருக்கில்ல?"

"இப்ப எதுக்குத் திட்டறே?"

பஸ் ஓட்டும் கணவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "வேகமாப் போற வண்டியில ஜன்னல் சீட்டு குடுத்து என்ன புண்ணியம்? ஒண்ணும் கண்ணுல நிக்காது" என்றான்.

"உங்களை யாரும் கேக்கலை. என் பொண்ணு அந்தாள் முன்னாடி முதல் பெஞ்சுல உக்காரணும். அந்தாளே அவளை மெச்சணும். அதை நான் பாக்கணும்."

"அப்ப படிக்கப் போறது அவளா, நீயா?"

அவள் 'சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, கையெழுத்துப் போட்டுப் படிவத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். வாண்டு அழவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

இதெல்லாம் நடந்த மறு வாரம்தான் வாத்தியார் தானாகவே வந்து அவள் முன்னால் உட்கார்ந்தார்.

அந்த மாதிரிக் கண்ணாடிக்கு அளவெடுக்கிறவர், போட்டுக்கொள்கிறவரின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்து உட்கார வேண்டும். வெற்றுக் கண்ணாடியில் கருவிழி தெரிகிற இடத்தில் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளியை வைத்துத்தான் மேலே தூரப் பார்வை, கீழே படிக்கிற பார்வை என்று கண்ணாடியை வெட்டுவார்கள். பதினைந்து வருடத்தில் அவள் வைத்த புள்ளி பிசகியதில்லை.

"நேரா என்னைப் பாருங்க சார்" என்றாள்.

அவர் பார்த்தார். அவள் மூன்று மில்லிமீட்டர் கீழே புள்ளி வைத்தாள்.

தூரம் நன்றாகத்தான் தெரியும், விழுந்துவிட மாட்டார். ஆனால் படிக்கிற பகுதி கன்னத்துக்கு இறங்கிவிடும். அதைப் பிடிக்க நாடியைத் தூக்க வேண்டும். கண்ணாடியைக் கொடுக்கும்போது எல்லாரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னாள். "புதுசில்லையா, பழக ரெண்டு வாரம் ஆகும். சிலருக்குச் சீக்கிரம் பிடிபடும். சிலர் கொஞ்சம் மெதுவா இருப்பாங்க."

அந்த 'மெதுவா'வைச் சொல்லத்தான் இத்தனையும்.

இரண்டு வாரம் கழித்து அவர் வந்தார். முகம் வாடியிருந்தது. "இன்னும் பிடிபடலைம்மா. என் மூளைக்கு வயசாயிடுச்சு போல."

"பழகுங்க சார். கொஞ்சம் முயற்சி பண்ணணும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நாக்கில் கற்கண்டு வைத்தது போல இருந்தது அவளுக்கு. அன்று மத்தியானம் பூராவும் அதைச் சப்பிக்கொண்டிருந்தாள். ஒன்று மட்டும் இடறியது. காலையில் கடை திறக்கும்போது, 'வர்ற கண்ணுக்கெல்லாம் வெளிச்சம் குடு சாமி' என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கைப் போடுவாள். இந்த இரண்டு வாரமாக அதைச் சொல்ல வாய் வரவில்லை. பேசாமல் விளக்கைப் போட்டாள்.

சாயங்காலம் வாண்டு தாமதமாக வந்தாள்.

"எங்கேடி போனே?"

"சாருக்கு விடைத்தாள் படிச்சுக் காட்டினேன். புதுக் கண்ணாடி அவருக்குச் சேரலையாம். இப்படித்தான் பாக்கறார்." நாடியைத் தூக்கி, மூக்கு நுனியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "பசங்க எல்லாம் 'ஒட்டகம்'னு பேர் வச்சிட்டாங்க. அவர் உள்ளே வந்தாலே மொத்த வகுப்பும் நாடியைத் தூக்குது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "நீயும் தூக்கினியா?"

"இல்ல."

"ஏன்? எல்லாரும்தானே சிரிக்கறாங்க?"

"எனக்குச் சிரிப்பு வரலைம்மா. அவருக்குப் பழக நேரமாகுது. அதுக்குப் போய் யாராவது சிரிப்பாங்களா? அதான் நான் போய்ப் பக்கத்துல உக்காந்தேன்."

அன்றைக்கு அந்த வகுப்பில் இப்படி ஒரே ஒரு பிள்ளை இருந்திருந்தால் போதுமே என்று அவளுக்குத் தோன்றியது. எழுந்து வந்து நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடித்திருக்கும். அந்தப் பிள்ளை அவள் வீட்டிலேயே வளர்ந்திருக்கிறது. அதன் வாயைத்தான் அவள் அடைத்திருக்கிறாள்.

மறுநாள் வாத்தியாரைக் கடைக்கு வரச் சொன்னாள். புதிதாகப் புள்ளி வைத்தாள். மூன்றாம் நாள் கண்ணாடியை மாட்டிவிட்டு, பொடி எழுத்துப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தாள். அவர் நாடியைத் தூக்காமல் கடகடவென்று படித்தார்.

"அட! அப்ப தப்பு என் மூளையில இல்லையா?"

"இல்ல சார். என்னோடது. தெரிஞ்சேதான் தப்பா வச்சேன்."

அவர் நிமிர்ந்தார். அவள் நாற்காலிக் கதையைச் சொன்னாள். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

"நாற்காலியோடவா அனுப்பினேன்?"

"நாற்காலியோடதான் சார்."

"ஞாபகம் இல்லையேம்மா" என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை. இருபத்தாறு வருடம் அவள் சுமந்தது அவர் கையில் ஒரு நாள்கூட இருந்ததில்லை.

போகிற போக்கில் வாசலில் நின்றார். "எனக்குப் படிச்சுக் காட்டறவ உன் பொண்ணா? அதே முகம். மாதம் முடியப் போகுது, படிவம் இன்னும் வரலை. அவளை வேக வகுப்பில சேத்துடு. அவளை மாதிரி ஒருத்தி எனக்கு வேணும்."

இதைக் கேட்கத்தானே அவள் காத்திருந்தாள்? அவர் வாயாலேயே வந்துவிட்டது. தொண்டை வரை 'சரி' வந்தது.

"அவளுக்கு வேண்டாமாம் சார். மெதுவாப் படிக்கணுமாம்" என்றாள்.

"திறமை வீணாயிடும்மா."

"ஆகாது சார்."

அவர் படியிறங்கிப் போனார். மன்னிப்பும் கேட்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. அவளும் அவரை மன்னித்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. முதுகைப் பார்த்தபோது பழைய எரிச்சல் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்து படிவத்தை எடுத்தாள். தான் போட்ட டிக்கையும் கையெழுத்தையும் குறுக்கே அடித்துவிட்டு, பேனாவை வாண்டுவிடம் நீட்டினாள்.

"எந்தக் கட்டம்னு நீயே போடு. கீழே நான் மறுபடி கையெழுத்துப் போடறேன்."

வாண்டு அவள் முகத்தையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்புறம் நான் மனசு மாறிட்டா?"

"அடுத்த வருஷம் படிவம் வராமலா போகும்? போடுடி, அடுப்புல பால் பொங்குது."