குடலுக்குள் ஒரு வாட்ச்மேன்

டாக்டர் ஹெலன் சொன்னதை அப்படியேதான் சொல்கிறேனா என்று எனக்கு நிச்சயமில்லை. வக்கார் அகமது அதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். அதன்பின் அவன் செய்தது மட்டும் மாறாது.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் கேட்டில் அவன் வாட்ச்மேன். மனைவி தில்ஷாத்துக்கு ஷூ கம்பெனியில் தையல் வேலை. வெகுநாளாக அவளுக்கு ரத்தமும் சளியுமாகப் பேதி. "பெங்களூர் ரோட்ல எந்த பங்க்ல கக்கூஸ் சுத்தம்னு என்னைக் கேளுங்க" என்று சிரிப்பாள். சிரித்துக்கொண்டே இளைத்தாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் நெடுகப் புண். கிருமியால் வந்ததல்ல என்றார் டாக்டர் ஹெலன். வக்கார் விழித்தான்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"வாட்ச்மேன், மேடம்."

"அப்போ சுலபமா புரியும். உடம்புக்கு வெள்ளை அணுக்கள்தான் வாட்ச்மேன். குடல்ல சாப்பாடு வரும், நல்ல கிருமிகளும் குடியிருக்கும். அதெல்லாம் நம்ம ஆளுன்னு விட்டுடணும். இவங்க வாட்ச்மேனுக்கு ஆள் அடையாளம் தெரியல. அடிக்கறான். விசில் ஊதி இன்னும் பத்து பேரைக் கூப்பிடறான். அடி வாங்கறது குடல்."

"மாத்திரை இன்னா பண்ணும்?"

"அவனை அடக்கி வைக்கும். நீங்களா நிறுத்தக்கூடாது. மறுபடி பெரிசா கெளம்பினா பெருங்குடலையே எடுக்க வேண்டி வரும்."



மாத்திரைக்குப் பேதி அடங்கியது. தில்ஷாத்தின் கன்னத்தில் சதை பிடித்தது. ஒரு கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பந்தி முடியும்வரை எழாமல் உட்கார்ந்திருந்தாள். அதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

மழைக்காலத்தில் அவளுக்கு இருமல் வந்தது. பிறகு காய்ச்சல். விட்டு விட்டு வந்தது. வக்கார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். காவலாளி அசந்தால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருமுறை அவன் கண்ணயர்ந்த நேரத்தில்தான் ஒரு கட்டு தோல் சுவரேறிப் போனது.

"வாட்ச்மேனைக் கட்டிப்போட்டா கண்டவன் உள்ள வரத்தானே செய்வான்?" என்றான். "மாத்திரைய நிறுத்திடு தில்ஷா."

"டாக்டரம்மா திட்டுவாங்க."

"நீ நல்லாதானே இருக்கே. பேதி எங்க இருக்கு?"

அவளுக்கும் மாத்திரை சலித்திருந்தது. நிறுத்தினாள். இருமல் போயிற்று. அவன் நினைத்தது சரியாகிவிட்டது போல இருந்தது. சரியாகிவிட்டது போல இருந்த அந்தச் சில வாரங்களைத்தான் வக்காரால் இன்னும் தாங்க முடியவில்லை.

பிறகு ஒரு காலையில் ரத்தம். நிற்கவே இல்லை. வேலூருக்குக் கொண்டுபோனபோது வயிறு உப்பி, பேச முடியாமல் கிடந்தாள்.

"எப்போ நிறுத்தினீங்க?" என்றார் டாக்டர்.

வக்கார் சொன்னான். ஏன் என்பதையும் சொன்னான். 

"இருமல்னு எங்கிட்ட வந்திருக்கலாமே" என்றார் டாக்டர் ஹெலன். "பயம் நியாயம்தான். அளவைக் கொறைச்சிருப்பேன், இல்ல வேற மருந்து மாத்தியிருப்பேன்."

ஆபரேஷன் முடிந்து கண்விழித்த தில்ஷாத், மலம் சேரத் தன் வயிற்றில் ஒட்டியிருந்த பையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவனை.

"நான்தான் சொன்னேன்" என்றான் வக்கார்.

"முழுங்காம இருந்தது நான்தானே. அழாதீங்க, நர்ஸு பாக்கறாங்க."

தில்ஷாத்துக்கு இப்போது பெருங்குடல் இல்லை. பை இருக்கிறது, ரத்தப்போக்கு இல்லை. அதே தையல் வேலைக்குப் போகிறாள். வக்கார் அதே கேட்டில் நிற்கிறான். டாக்டர் ஹெலன் அதே மருத்துவமனையில் இருக்கிறார். இப்போது எந்த நோயாளியிடமும் அந்த வாட்ச்மேன் உதாரணத்தைச் சொல்வதில்லை.