தோணிரேவு தள்ளி வைத்த நாடு

"மீன் குழம்புக்கு எவனாவது உருளைக்கிழங்கு போடுவானா? பூசை வைக்கிற கையாண்ணே அது?" என்று எப்சிபா வீடியோ போனில் கத்தினாள்.

"மீன் சின்னதும்மா, சாப்பிட வர்ற ஆளுங்க ஜாஸ்தி," என்று அவள் அண்ணன் பாதர் பால்ராஜ் கரண்டியைத் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் அவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. கடல் தாண்டி அவர் ஊழியம் செய்த நாட்டில் ஏரிக்கரையை ஒரு கம்பெனி வேலி போட்டு மறித்தது. மீன் பிடிப்பவர்களோடு போய் வேலிக்கு முன்னால் உட்கார்ந்தார் பாதர். செபம் சொல்ல வந்தவருக்கு இங்கே என்ன வேலை என்று ஜெயிலில் வைத்தார்கள்.

எப்சிபா தூதரகத்துக்கு எழுதிப் பார்த்தாள். பதில் இல்லை. தோணிரேவு ஊர்த் தலைவர் தெய்வசிகாமணியிடம் போய் அழுதாள். "அண்ணன் வீடு வந்து சேர்ந்தா போதும் தலைவரே."

தலைவர் ஊரைக் கூட்டினார். தோணிரேவுக்காரன் மேல் கை வைத்தவனை ஊர் தள்ளி வைக்கும். ஊர் ஏரியில் வலை போட விடாது, பெண் கொடுக்காது, எடுக்காது.

"அந்த நாட்டையே தள்ளி வெச்சிடலாம்," என்றார் தலைவர்.

"அவனுங்க நம்ம ஏரிக்கு வந்ததே இல்லியே?" என்றான் சுப்பன்.

"வந்துட்டான்னா இன்னா பண்ணுவே?"

சுப்பன் உட்கார்ந்துவிட்டான். குப்பம்மா எழுந்தாள். "எம் பொண்ணுக்கு மாப்ள பாத்துக்கினு கீறேன். அந்த நாட்டுப் பையன் எவனும் வேணாம், இப்பவே சொல்லிட்டேன்!"

ஊரே கைதட்டியது.

ஆனால் தள்ளி வைத்ததை முகத்துக்கு நேரே சொன்னால்தான் செல்லும். பாதரின் வக்கீல் ஜெயிலிலிருந்து வீடியோவில் பேச வழி செய்தபோது, தலைவர் சலவைச் சட்டையோடு வந்து எப்சிபாவின் போனைப் பிடுங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு போலீஸ் அதிகாரி. தலைவர் தமிழிலேயே முழங்கினார். அதிகாரி விழித்தார். மொழிபெயர்க்கப் பாதரையே இழுத்து வந்து நிறுத்தினார்.

இளைத்துப்போயிருந்த அண்ணனைக் கண்டு எப்சிபா வாயைப் பொத்திக்கொண்டாள். அவரோ சிரித்துச் சிரித்து, ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். பெண் கிடையாது என்றதும் அதிகாரியின் முகம் வாடியது. அவர் கல்யாணம் ஆகாதவராம்.

பிறகு பாதர் தலைவர் பக்கம் திரும்பினார். "தலைவரே, இது நியாயமில்ல. கம்பெனிக்காரன் செஞ்சதுக்கு மீன் புடிக்கிற ஜனம் இன்னா பண்ணும்? அவங்களும் இந்த நாட்டு ஆளுங்கதானே?"

"ஜெயில்ல குந்திக்கினு எங்களாண்டயே வழக்காடுறியே சாமி!"

"அவங்களுக்காகத்தானே குந்திக்கினு கீறேன்."

தலைவர் தலையைச் சொறிந்தார். மீன் பிடிப்பவர்களுக்கு விலக்கு என்று தீர்ப்பைத் திருத்தினார்.

எப்சிபா போனை வாங்கினாள். "நாட்டை விட்டுப் போறேன்னா விட்டுடுவாங்களாம், வக்கீல் சொன்னாரு. சொல்லித் தொலையேண்ணே."

"நான் வந்துட்டா வேலியாண்ட யாரும்மா குந்துவா?"

"ஊருக்கெல்லாம் பேச வாய் கீது. எனக்குன்னு ஒரு வார்த்தை வரலியே!"

அவர் சிரிக்கவில்லை. "வரலம்மா," என்றார்.

மழைக்காலம் முடிவதற்குள் காய்ச்சல் கண்டு ஜெயிலிலேயே இறந்துபோனார். அந்த ஏரிக்கரையிலேயே அடக்கம் செய்தார்கள்.

தலைவர் எப்சிபா வீட்டு வாசலில் வந்து நின்றார். "இன்னாம்மா சொல்றே? விலக்கெல்லாம் வேணாம், மொத்தமா தள்ளிடலாமா?"

எப்சிபா, "வேணாம் தலைவரே. அண்ணன் சொன்னபடியே இருக்கட்டும்," என்றாள்.

அப்படியேதான் இருக்கிறது. இன்றுவரை அந்த நாட்டுக்காரர் எவரும் தோணிரேவில் வலை போட முடியாது, மீன் பிடிப்பவர்களைத் தவிர.