துறைமுகப் பாட்டில் நான்கு நொடி

முத்துக்கண்ணனுக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரைக்குடி செக்காலையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். கீழ்வீட்டுக்காரர்களுக்கு அவர் ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். அவ்வளவுதான் தெரியும். ‘நெடுங்கடல்’ என்ற வீடியோ கேமுக்கு இசையமைத்தவர் அவர். பெங்களூர் கம்பெனி ஒன்று பதினெட்டு வருடத்தில் அதை ஐந்து பாகமாகக் கொண்டுவந்திருந்தது. போலந்திலும் பிரேசிலிலும்கூட ஆடுகிறார்கள்.

முதல் பாகத்தில், கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது வரும் பாட்டுதான் பேர்போனது. புல்லாங்குழலும் ஆர்மோனியமும் மேலே மேலே ஏறிப்போய்ச் சட்டென்று நின்றுவிடும். நான்கு நொடிக்கு ஒரு சத்தமும் இருக்காது. பிறகு குழல் மட்டும் தனியாகத் தொடரும். ஊரை விட்டுப் போகிறவன் ஒருமுறை திரும்பிப் பார்க்கிற நேரம் அது என்று ஆடுகிறவர்கள் எழுதினார்கள். அடுத்த நான்கு பாகங்களிலும் அந்த மௌனம் வேண்டும் என்று கம்பெனி கேட்டு வாங்கிக்கொண்டது. வேறு கேம்களுக்கு இசையமைக்கிறவர்களும் அதைப் பார்த்து அதேபோல் செய்தார்கள். லிஸ்பனிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தாள். இறந்துபோன தன் மகன் ஆடிய கேம் அது, அந்த நான்கு நொடியில் மட்டும் அவன் பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கிறது என்று.

அந்தக் கடிதம் வந்த பிறகு முத்துக்கண்ணனால் யாரிடமும் உண்மையைச் சொல்ல முடியவில்லை.

ஆறாம் பாகத்தைக் கம்பெனி அவரிடம் கொடுக்கவில்லை. நிவேதா என்ற பெண்ணிடம் கொடுத்தார்கள். மதுரைக்காரி, இருபத்தெட்டு வயது. அவள் முன்கூட்டிப் போன் செய்துவிட்டு ஒரு சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். பதினெட்டு வருடத்தில் வேலை விஷயமாக அவர் வீட்டுப் படியேறிய முதல் ஆள் அவள். முத்துக்கண்ணன் மெஸ்ஸில் இரண்டு சாப்பாடு வாங்கி வைத்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல், சாப்பிடுங்க, சாப்பிடுங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் நேராக விஷயத்துக்கு வந்தாள். அந்த மௌனத்தைத் தானும் வைக்க வேண்டும் என்று கம்பெனி சொல்கிறது, ஆறு மாதமாக முயன்றும் வரவில்லை, எங்கே வைத்தாலும் பொய்யாக இருக்கிறது என்றாள்.

“நீங்க அத எப்படி யோசிச்சீங்க சார்?”

முத்துக்கண்ணன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“யோசிக்கலம்மா. கரண்ட் போயிருச்சு.”

அவளுக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். முதல் பாகத்துக்காக ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்த அன்று, குழல் வாசித்தவர் தேவகோட்டை பஸ்ஸைப் பிடிக்க அவசரப்பட்டார். கடைசித் தடவை வாசித்து முடித்து அவர் கிளம்பியதும், பதிவு கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. கரண்ட் திரும்பி வந்தபோது முன்பாதியும் பின்பாதியும் கிடைத்தன, நடுவில் கொஞ்சம் அழிந்திருந்தது. மறுபடி வாசிக்க ஆள் இல்லை. மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். அழிந்த இடத்தை அப்படியே வெறுமையாக விட்டு அனுப்பிவிட்டார்.

நிவேதா முதலில் சிரித்தாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. ஆறு மாதம் தூங்காமல் கிடந்ததைச் சொன்னாள். அவர் லிஸ்பன் கடிதத்தை எடுத்துக் காட்டினார். அவள் இரண்டு முறை படித்தாள். இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றாள்.

“அப்ப நான் என்ன செய்யட்டும்?”

“ஒங்களுக்கு வேணாம்னா விட்ருங்க. எனக்காக வைக்காதீக.”

ஆறாம் பாகம் தை மாதம் வந்தது. கம்பெனியிடம் போராடி, துறைமுகப் பாட்டை அவள் நிற்காமல் கொண்டுபோயிருந்தாள். முத்துக்கண்ணன் மூன்று முறை கேட்டார். நன்றாக இருந்தது. அதுவே அவருக்குக் கொஞ்சம் வலித்தது.

ஆடுகிறவர்கள் அவளைக் கிழித்தார்கள். மௌனத்தைக் கொன்றவள் என்று எழுதினார்கள். அசிங்கமாகவும் எழுதினார்கள். கரண்ட் போன கதையை அவள் வெளியே விடவில்லை. ஒரு வாரம் இதைப் படித்தபின், முத்துக்கண்ணன் லிஸ்பன் தாய்க்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறகு கரண்ட் போனது, பஸ், அழிந்த பதிவு எல்லாவற்றையும் தன் பெயரில் இணையத்தில் போட்டார்.

யாரும் நம்பவில்லை. பெரிய கலைஞர்கள் இப்படித்தான் தன்னடக்கமாகப் பேசுவார்கள் என்றார்கள் பலர். அந்தப் பெண்ணைக் காப்பாற்றக் கம்பெனி மிரட்டி எழுத வைத்திருக்கிறது என்றார்கள் மற்றவர்கள். லிஸ்பனிலிருந்து மட்டும் இரண்டு வரி வந்தது. அந்த மௌனம் எப்படி வந்தது என்பது எனக்கு முக்கியமில்லை, இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று.

மறுநாள் மத்தியானம் நிவேதா போன் செய்தாள்.

“ஏன் சார் எழுதுனீங்க? ஒருத்தரும் நம்பலயே.”

“நீங்க நம்புறீகள்ல.”

ஏழாம் பாகம் தனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றாள். அழுகிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லாததால், அவளுடைய பாட்டில் ஆர்மோனியம் இரண்டாவது முறை இறங்குகிற இடத்தைப் பற்றிச் சொன்னார். அந்த இடம் தனக்கு ஒருநாளும் வந்திருக்காது என்றார். அவள் அதை எப்படிச் செய்தாள் என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு மணி நேரம் பேசினார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கூப்பிடுகிறாள். எல்லா வாரமும் இல்லை.