பலகையின் மற்ற முனை

நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில் கிறிஸ்துநாயகம் யோசிக்காமல் 'சகோதரன்' என்று எழுதிக் குடுத்துவிட்டான். பத்தொன்பது வருசமாய் ஸ்டெலியோசை 'அண்ணை' என்று கூப்பிட்ட வாய். கையும் அந்த வழியிலேயே போய்விட்டது.

தாதி லக்சிகா இரண்டு பெயரையும் பார்த்தாள். "உங்களுக்கு ஒரு கிரீக் அண்ணையோ, அங்கிள்?"

"ஓம் பிள்ளை. ஒண்டாய் வீடுகளுக்கு ட்ரைவோல் பலகை அடிச்சனாங்கள்."

"பமிலிய மட்டும்தான் விடலாம். அவற்ற மகள் வரட்டும்."

ஆள் மத்தியானம் தாண்டாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மணி பத்தரை.

வேலைச் சப்பாத்தோடு கதிரையில் சாய்ந்தான். கண் சொருகியது. எங்கும் வெள்ளைத் தூசி, பனிமூட்டம் மாதிரி. பன்னிரண்டடிப் பலகையின் ஒரு முனையில் அவன். மற்ற முனையில் ஸ்டெலியோஸ், உள்ளங்கை இரண்டையும் தோளளவுக்கு ஏந்திக்கொண்டு. "பிடிச்சிட்டன்" என்று இவன் சொல்லும்வரை அந்தக் கை அசையாது. பலகை எழும்பினால் ஆளின் முகம் தெரியாது. பாரம் மட்டும் தெரியும்.

பிறகு இருவரும் வெறும் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டுச் சாப்பிடுகிறார்கள். ஸ்டெலியோசின் தகப்பன் வாத்தியார். மகனுக்குப் பழைய கிரேக்கத்தை அடித்துப் பாடமாக்கியவர். கூட இருந்து தின்னுகிறவன் 'சிஸ்ஸிதோஸ்' என்று அண்ணை தொடங்குகிறார். கூட வளர்ந்தவன் 'சிந்த்ரோபோஸ்'.

"உங்கட ஆக்களுக்கு வேற வேலை இருக்கேல்லையோ, அண்ணை?"

"கேளடா. சண்டையில பக்கத்தில நிக்கிறவன் 'பரஸ்தாதேஸ்'. அவன்ர கேடயம்தான் உன்ர பாதி உடம்பை மூடும். அவன் விலகினா நீ முடிஞ்சாய்."

யாரோ தோளைத் தட்டினார்கள். மகள் எலேனி, கையில் அந்தப் படிவம்.

"அப்பாவுக்குத் தம்பியே இல்லை. நீங்கள் யார்?"

"பொய் எழுதேல்லை, பிள்ளை. பழக்கம். நான்..." நண்பன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நண்பனோடு கோப்பிதான் குடிக்கலாம். "பரஸ்தாதேஸ் எண்டு சொல்லுங்கோ."

கனடாவில் பிறந்த எலேனிக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனாலும் அதைத் தகப்பனிடம் சொல்ல உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"கண் திறக்கேல்லை. கையை மட்டும் இப்படித் தூக்கினார். இறக்கிறார் இல்லை." உள்ளங்கை இரண்டையும் தோளளவுக்கு ஏந்திக் காட்டினாள். "வாங்கோ."

சன்னல் முழுக்க வெள்ளை வெளிச்சம். கட்டிலுக்கு மேலே அந்தக் கைகள் வெறுமையை ஏந்திக்கொண்டு நடுங்கின. கிறிஸ்துநாயகம் கால்மாட்டில் போய் நின்று தன் கையையும் ஏந்தினான்.

"பிடிச்சிட்டன், அண்ணை."

அந்தக் கைகள் மெல்லக் கீழே இறங்கின.