ஊதிக் காட்டிய சைபர்

கல்லீரல் வைத்தியம் ஆரம்பித்த அன்றைக்கே டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். வரும்போதெல்லாம் சிவராஜ், குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கும் மிஷினில் ஊத வேண்டும். சைபர் காட்ட வேண்டும். அவன் மனைவி இளவரசி அதற்கும் ஒரு படி மேலே போனாள். வேறு எண் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐயம்பேட்டையில் அம்மா வீட்டுக்கே போய்விடுவதாகக் காமாட்சியம்மன் மேல் சத்தியம் செய்தாள். அவள் போனால் தறியும் நின்றுவிடும். உடலையும் கரையையும் தனித்தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்கு ஓர் ஆள் போதாது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுகிறவள் அவள்தான்.

இதுவரை சைபர்தான். அந்தப் பெருமையில் அவளுக்கு அவன்மேல் கரிசனம்கூட வந்திருந்தது. குடியை விட்டதிலிருந்து சோறு இறங்கவில்லையே என்று நாட்டு மருந்துக் கடையில் அரிஷ்டம் வாங்கினாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே, இட்லி தின்று முடித்ததும், இரண்டு மூடி ஊற்றிக் கொடுத்தாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான். கையோடு உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

ஊதினான். மிஷின் சைபர் காட்டவில்லை.

அவ்வளவுதான்! "பாவி மனுஷா, எங்கயா குடிச்ச? கூடவேதானே வந்துக்கினு இருந்தேன்!" வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பார்க்கட்டுமே, அவளுக்கு வயிறு எரிந்தது. சிவராஜ் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இதற்குமேல் என்ன வேண்டும் என்று அவள் பையைத் தூக்கினாள். உள்ளே பாட்டில் டிபன் டப்பாவில் மோதி டணங்கென்றது.

"பையில இன்னாக்கா அது?" என்றாள் நர்ஸ் எஸ்தர்.

"அரிஷ்டம்மா. பசி எடுக்கட்டும்னு இப்பதான் வாசல்ல குடுத்தேன். மருந்துதானே?"

எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள். "அதுலயும் ஆல்கஹால் இருக்குதுக்கா! இவரு ஈரலுக்கு அது ஆவவே ஆவாது. வாயில ஒட்டிக்கினு இருக்கறதத்தான் மிஷின் காட்டுது."

வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, கால் மணி நேரம் உட்காரவைத்து மறுபடி ஊதவைத்தாள். சைபர்.

இளவரசிக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டின. வெளியே வந்ததும் அவன் மேலேயே பாய்ந்தாள். "குடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாயா? வாயில கொழுக்கட்டயா?"

"மிஷின் காட்டிச்சே, இளவரசி," என்றான் சிவராஜ். "முன்னல்லாம் குடிச்சதே நெனப்பில்லாம எத்தினி நாளு எழுந்திருக்கேன். நேத்தும் அப்படி எங்கனா குடிச்சிட்டேனோன்னு நானே நம்பிட்டேன்."

அவள் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"நேத்து பூரா என் பக்கத்துல தறியில இருந்த. நான் பாத்துக்கினேதான் இருந்தேன். நீ குடிக்கல."