குலுங்காத வண்டி

"என்னங்க" என்று வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து சத்தம் வந்தபோது சிங்காரவேல் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். நெஞ்சின் மேல் ஸ்பானர், பல்லிடுக்கில் ஒரு வாஷர். வாஷரைத் துப்பிவிட்டு, "இதோ, ஒரே ஒரு போல்ட்டுதான் பாக்கி அம்சா. சாப்ட்டுட்டுக் கெளம்பிடலாம்" என்றார்.

உள்ளே பதில் இல்லை. கோபமாக இருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். நாலு நாளாக இதே பாட்டைத்தானே பாடிக்கொண்டிருந்தார்!

அம்சவல்லிக்கு முதுகெலும்பில் புற்று. "வீட்ல வெச்சு நல்லா பாத்துக்குங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பி மூன்று வாரம் ஆகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று புருஷனுக்கும் தெரியும், பெண்டாட்டிக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். முத்தாண்டிக்குப்பத்துக்குப் போக வேண்டும், தங்கை நாகம்மாள் வீட்டுக்கு.

ஒன்பது வருஷமாக அக்காவும் தங்கையும் பேசுவதில்லை. காரணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். நாகம்மாள் புது வீடு குடிபோனபோது முதல் பந்தியில் அக்காவின் இலைக்கு மட்டும் அப்பளம் வரவில்லை. அவ்வளவுதான். அம்சவல்லி பாதிச் சோற்றில் எழுந்து, கையைக் கழுவி, "இனிமே உன் வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளுடி" என்று ஊரே பார்க்கச் சொல்லிவிட்டு வந்தாள். அப்புறம் அந்த ஒரு சொல்லைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருஷம் அழுதாள்.

"போன் போட்டா நாகு அரைமணியில வந்துட மாட்டாளா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"வேணாங்க. சொன்னவ நானு. அவ வாசப்படிய நான்தான் போயி மிதிக்கணும். அவ இங்க வந்தா, சாவப்போறவளப் பாக்க வந்ததாத்தான் ஆவும்."

பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் லாரி ஓடி ஓடி ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்தது. காரோ இருபத்திரண்டு வருஷத்துப் பழசு. பானட்டை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டால் நாலு தரம் எழும்பி எழும்பி அடங்கும். ஷாக் அப்சார்பர் நாலிலும் எண்ணெய் கசிந்து, ரப்பர் புஷ்ஷெல்லாம் நைந்துபோயிருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்கு ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்ததை அவர் கண்ணாடியில் பார்த்தார். அதைப் பார்த்த பிறகு அந்த வண்டியில் அவளை ஏற்ற அவருக்கு மனசு வரவில்லை.

ஒரு பக்கத்தைக் கழற்றி மாட்டிவிட்டு மறுபக்கத்தைத் தொடுவதுதான் ஒர்க்‌ஷாப்காரன் வேலை. சிங்காரவேலோ நிலக்கரி மைன்ஸில் முப்பத்திரண்டு வருஷம் கன்வேயர் மெயின்டனன்ஸ் பார்த்த ஆள். அங்கே ஷட்டவுன் எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, தேய்ந்ததையெல்லாம் மாற்றி, ஒரேயடியாகப் பூட்ட வேண்டும். அந்தப் பழக்கத்தில் முதல் நாளே நாலு பக்கத்தையும் கழற்றிவிட்டார். குவார்ட்டர்ஸ் கேட்டுக்குள் வண்டி நாலு மரக்கட்டைமேல் உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் பார்த்தால், புதுசாக வாங்கி வந்ததில் முன்பக்கத்து வலது புஷ் வேறு மாடலுக்கு உள்ளது. ஸ்பேர் பார்ட்ஸ் கடை சைபுல்லா தலையைச் சொறிந்தார். "கடலூர்லேருந்து வரணும் சார், ரெண்டு மூணு நாளாவும். ஒரு பக்கந்தானே, பழசையே மாட்டிக்கினு அம்மாவக் கூட்டிக்கினு போய்ட்டு வந்துடுங்களேன்."

"பழசா? அரைகொறையா மாட்டுறதுக்கா இத்தன பாடு?" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு வந்தார். இப்போது நினைத்தால் அந்த வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் அவளே கேட்டாள். "ஆட்டோவுல போயிடலாமேங்க. வலிச்சா வலிக்கட்டும்."

"சும்மா இரு. நாளைக்கு உன்ன ஒரு குலுக்கல் இல்லாம கொண்டுபோயி எறக்குறேனா இல்லையா பாரு."

"க்கும்! மைன்ஸையே ஓட்டினவரு, பொண்டாட்டிய முத்தாண்டிக்குப்பம் வரைக்கும் ஓட்ட முடியல" என்று அவள் சிரித்தாள். சிரித்ததில் இடுப்பு வலித்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்று காலை பஸ்ஸில் புஷ் வந்து சேர்ந்தது. ஏழரைக்கு வேலையை ஆரம்பித்தவர், பதினொன்றே காலுக்கு அந்தக் கடைசி போல்ட்டில் ஸ்பானரை வைத்தார். அப்போதுதான் அவள் கூப்பிட்டது. ஏனோ மனசு கேட்கவில்லை. ஸ்பானரைப் போட்டுவிட்டு, கிரீஸ் கையோடு உள்ளே போனார்.

அம்சவல்லி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். பெட்டியிலிருந்து எடுத்துவைக்கச் சொல்லியிருந்த பச்சைப் புடவை கால்மாட்டில் மடிப்புக் கலையாமல் இருந்தது. "அம்சா" என்றார். தொடப்போய், கையைப் பார்த்துவிட்டு, வேட்டியில் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கறை போகவில்லை. அப்படியே தொட்டார்.

பெங்களூருக்கு, மகள் எழில்மதிக்குப் போன் போட்டார். அப்புறம் நாகம்மாளுக்கு.

ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு வேன் வந்தது. உள்ளே வர வழியில்லை, கேட்டை அடைத்துக்கொண்டு கட்டைமேல் கார் நின்றது. "தள்ளக்கூட முடியாது போலருக்கே" என்று யாரோ சொன்னார்கள். அதே பிளாக்கில் குடியிருந்தவர்கள் இரண்டு பேர் சட்டையைக் கழற்றிக்கொண்டு முன்வந்தார்கள். சிங்காரவேல் யாரையும் விடவில்லை. அவளை வீட்டுக்குள் அப்படியே விட்டுவிட்டு, அவரே மறுபடி வண்டிக்கு அடியில் போனார். சக்கரங்களை மாட்டி, கட்டைகளை உருவி, ஜாக்கியை இறக்கி, பாரம் தரையில் உட்கார்ந்த பிறகு அந்தப் போல்ட்டை முறுக்கி முடித்தார். எழுந்ததும், கை தன்னால் போய், பானட்டை ஒரு அமுக்கு அமுக்கியது. வண்டி ஒரு தரம் இறங்கி ஏறி, கல் மாதிரி நின்றது. கச்சிதமான வேலை. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை பீறிட்டது. பானட்டின் மேலேயே கவிழ்ந்து, அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதார்.

போன் போட்ட இருபத்தைந்து நிமிஷத்துக்குள்ளேயே நாகம்மாள் வந்துவிட்டிருந்தாள். அக்கா காலைக் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்த பிறகு அவர் பக்கம் திரும்பினாள். "வண்டிக்காகவா மாமா காத்துக்கெடந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவள நானே தூக்கிக்கினு போயிருப்பேனே!"

 

எழில்மதி வந்து சேர்ந்து, மறுநாள் எடுத்தார்கள். அதற்கடுத்த நாள் சுடுகாட்டில் பால்தெளிப்பு முடிந்து, மூன்று மணிக்கு நாகம்மாள் பையை எடுத்துக்கொண்டாள். இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. சொல்லாமல் அவள் கேட்டைத் தாண்டும்போது சிங்காரவேல் சாவியோடு எழுந்தார்.

"காரியம் முடியாம எங்கப்பா போறீங்க? சித்திக்கு ஆட்டோ சொல்றேன்" என்று எழில்மதி தடுத்தாள்.

"ஆட்டோ வேணாம்" என்றார். குரலில் என்ன இருந்ததோ, மகள் விலகிக்கொண்டாள்.

அக்காவுக்காகப் பின்சீட்டில் தலையணையோடு விரித்திருந்த மெத்தையில் நாகம்மாள் தயங்கித் தயங்கி உட்கார்ந்தாள். டவுன்ஷிப் ஆர்ச் தாண்டியதும் ரோடு கெட்டுப்போனது. முதல் பள்ளத்துக்கு அவர் பிரேக்கை மிதித்து, முன்சக்கரத்தை மெல்ல இறக்கி, மெல்ல ஏற்றினார். வண்டி முனகக்கூட இல்லை. அடுத்த பள்ளத்துக்கும் அப்படியே. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வந்த பஸ்ஸை ஒதுங்கிப் போகவிட்டார். சைக்கிள்காரர்கூட முந்திக்கொண்டு போனார். பன்னிரண்டு கிலோமீட்டரும் அப்படியே ஓட்டினார்.

முத்தாண்டிக்குப்பத்தில், ஒன்பது வருஷத்துக்கு முன் ஒருதரம் வந்த அந்த வாசலில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். "நாகு" என்று திரும்பினார்.

இரண்டு நாளாகக் கண் மூடாதவள், தலையணையில் கன்னத்தைப் பதித்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் தூங்கிப்போனாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

சத்தம் கேட்டு நாகம்மாளின் மருமகள் வாசலுக்கு ஓடிவந்தாள். சிங்காரவேல் உதட்டில் விரலை வைத்து, பின்சீட்டைக் காட்டினார்.